பக்கத்து மனைக்காரர் அரை அடி உள்ளே வந்துவிட்டார்: எல்லை, வேலி, 12 வருஷக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவில் வழக்கு பார்க்கும் எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார்: கோடிக்கணக்கில் போகும் சொத்தைவிட, அரை அடிச் சந்துக்கு நடக்கும் சண்டைதான் சூடாக இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து. உங்கள் பத்திரத்தைப் படிக்காமல் உங்கள் வழக்குக்கு யாரும் முடிவு சொல்ல முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

12 வருஷம் அனுபவித்துவிட்டால் இடம் அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. டீக்கடையில் சொல்லப்படுவது அந்தப் பாதி மட்டும்தான்.

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65-ஆவது இனம் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் இடத்தை ஒருவர் உங்களுக்கு எதிராக வைத்திருந்தால், அந்த அனுபவம் 'எதிரிடை'யாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு மீட்க வேண்டும். போடாமல் விட்டால் அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி உங்கள் உரிமையே அழிந்துபோகும். இதைத்தான் எதிரிடை அனுபவ பாத்தியம் என்கிறோம்.

சிக்கல் அந்த 'எதிரிடை' என்ற சொல்லில் இருக்கிறது. சும்மா 12 வருஷம் இருந்தால் போதாது. 'இது இன்னாருடைய இடம், ஆனாலும் நான் விடமாட்டேன்' என்ற எண்ணத்தோடு, ஊரறிய, இடைவிடாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். 2004-இல் கர்நாடக வக்ஃப் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எதிரிடை அனுபவம் கோருகிறவர் ஐந்து விஷயங்களைக் காட்ட வேண்டும்: எந்தத் தேதியில் அனுபவத்துக்கு வந்தார், அது எந்த வகை அனுபவம், சொந்தக்காரருக்கு அது தெரியுமா, எத்தனை காலம் தொடர்ந்தது, வெளிப்படையாகவும் இடையூறு இல்லாமலும் இருந்ததா. முதல் கேள்வியிலேயே பலர் விழுந்துவிடுவார்கள். 'ரொம்ப வருஷமா' என்பது தேதி ஆகாது.

அளவு தெரியாமல் அரை அடி தள்ளிச் சுவர் கட்டி 20 வருஷம் ஆகிவிட்டது. அதுவும் எதிரிடை அனுபவமா?

பக்கத்து வீட்டுத் தகராறுகளில் இதுதான் முக்கியமான இடம். பெரும்பாலான சுவர்கள் வேண்டுமென்றே தள்ளிக் கட்டப்படுவதில்லை. மேஸ்திரி பழைய வேலியைப் பார்த்து நூல் பிடித்திருப்பார். வேலிக்காரர் அதற்கு முன்பு இருந்த கள்ளிச்செடியைப் பார்த்து நட்டிருப்பார்.

இப்போது சுவர்க்காரர் கோர்ட்டில் என்ன சொல்வார்? 'இது என் இடம், என் பத்திரப்படிதான் கட்டினேன்' என்பார். கூடவே, 'அப்படி இல்லாவிட்டாலும் 12 வருஷம் ஆகிவிட்டது' என்பார். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டும். தன் இடம் என்று நம்பிக் கட்டியவர், அடுத்தவர் இடத்தை எதிர்த்துப் பிடித்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? உண்மையான சொந்தக்காரர் யார் என்றே தெரியாதவருக்கு அவரை எதிர்க்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. இந்த வாதத்தில் எதிரிடை அனுபவக் கோரிக்கைகள் நிறைய உடைந்திருக்கின்றன.

அதனால் பயமில்லாமல் தூங்கலாம் என்று அர்த்தமில்லை. சுவர் கட்டும்போது நீங்கள் ஆட்சேபித்து, அவர் 'போய்யா, முடிந்ததைப் பார்' என்று கட்டியிருந்தால் கதை வேறு. உங்கள் ஆட்சேபணையே அவருக்குச் சாட்சியாகிவிடும். ஆட்சேபித்துவிட்டு 12 வருஷம் சும்மா இருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை.

ஆட்சேபித்து வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறேன். காலக்கெடு நின்றிருக்குமே?

நிற்காது. நோட்டீஸ் வெறும் கடிதம். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றியதும் காலத்தை நிறுத்தாது. வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது இடம் உண்மையில் உங்கள் கைக்குத் திரும்ப வேண்டும், அல்லது எதிராளியே 'இது இன்னாருடைய இடம்' என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கொரு நோட்டீஸாகப் பத்துப் பன்னிரண்டு நோட்டீஸ் அனுப்பி, கோப்பாகத் தைத்துக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. பார்க்கவே பாவமாக இருக்கும்.

இன்னொன்று: அவர் இடத்தை வேறொருவருக்கு விற்றால் கணக்கு முதலிலிருந்து தொடங்காது. வாங்கியவர் முந்தையவரின் காலத்தையும் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியாமலே நடந்தால்?

சிங்கப்பூரில் இருந்தேன், துபாயில் இருந்தேன் என்பது காலக்கெடுவை நீட்டாது. ஊரில் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் அளவுக்கு வெளிப்படையாக அவர் இருந்திருந்தால் அதுவே அவருக்குப் போதும் என்று வாதாட முடியும். சொந்தக்காரர் மைனராகவோ மனநலம் குன்றியவராகவோ இருந்தால் மட்டும் சட்டம் கொஞ்சம் அவகாசம் தருகிறது. காலி மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது போய் முள்ளை வெட்டி, தேதி தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்து, வரி கட்டி ரசீது வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் குடியிருப்பவர் 15 வருஷமாக இருக்கிறார். அவரும் கேட்க முடியுமா?

முடியாது. வாடகைக்கு வந்தவர், காவலுக்கு வைத்தவர், 'கஷ்டப்படுகிறான், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவைத்த உறவினர் எல்லாரும் அனுமதியின் பேரில் இருப்பவர்கள். அனுமதி எத்தனை வருஷம் நீண்டாலும் எதிரிடையாக மாறாது. அண்ணன் தம்பி கூட்டுச் சொத்திலும் அப்படித்தான். ஒருவர் தனியாக அனுபவித்தார் என்பதாலேயே மற்றவர் பங்கு போகாது. 'உனக்கு இதில் பங்கே இல்லை' என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதைக் காட்ட வேண்டும்.

வாய்மொழியாக விட்டவர்கள் இன்றைக்கே ஒரு வாடகை ஒப்பந்தமோ அனுமதிக் கடிதமோ எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தகராறு வந்தபிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது.

என் எல்லை எங்கே என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்திரமா, பட்டாவா, வரைபடமா?

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. பத்திரம் உரிமையைச் சொல்கிறது. பட்டா, வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று சொல்கிறது. அது மட்டுமே உரிமைமூலம் ஆகாது. கோடு எங்கே ஓடுகிறது என்பதைச் சொல்வது புல வரைபடம், அதாவது எஃப்.எம்.பி. பட்டாவையும் எஃப்.எம்.பி.யையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள்.

எஃப்.எம்.பி.யில் கல்லுக்குக் கல் ஓடும் எல்லைக்கோடு எஃப்-லைன். புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கக் குறுக்கே ஓடுவது ஜி-லைன். சர்வேயர் ஜி-லைனில் நின்று, அங்கிருந்து ஆப்செட் (கோட்டுக்குச் செங்குத்தான தூரம்) எடுத்து எல்லைப் புள்ளியைப் பிடிப்பார். பழைய வரைபடங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியை நூறாகப் பிரித்தால் ஒரு லிங்க், ஏறக்குறைய 8 அங்குலம். 60 அடி நீளமுள்ள மனையில் ஒரே ஒரு லிங்க் நகர்ந்தால் கிட்டத்தட்ட 40 சதுர அடி போய்விடும். சண்டை ஏன் வருகிறது என்று இப்போது புரியும்.

கிராம நத்தத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு அளவு போடப்பட்டது. அதற்கு முந்தைய பத்திரங்களில் 'கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 80' என்று இருக்கும், சர்வே எண் இருக்காது.

பத்திரத்தில் 2,400 சதுர அடி என்று இருக்கிறது. அளந்தால் 2,330 தான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்திருக்க வேண்டும், இல்லையா?

அவசரப்படாதீர்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள்: 'இன்னார் வீட்டுக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு' என்று. பரப்பளவும் நான்கெல்லையும் ஒத்துப்போகாவிட்டால் பொதுவாக நான்கெல்லைக்குத்தான் முதலிடம். தெளிவான எல்லைக்குள் 2,330 தான் இருக்கிறது என்றால், விற்றவர் உங்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். மீதி 70 சதுர அடியை அண்டை வீட்டில் தேட முடியாது.

லேஅவுட் மனைகளில் இன்னொரு கூத்து உண்டு. முதல் மனைக்காரர் ரோட்டிலிருந்து அளந்து கொஞ்சம் தள்ளிக் கட்டுவார். அடுத்தவர் அவர் சுவரிலிருந்து அளப்பார். இப்படியே போய்க் கடைசி மனைக்காரருக்குக் கழிப்பறை கட்ட இடம் இருக்காது. அவர் தன் அண்டை வீட்டுக்காரரோடு சண்டை போடுவார். தப்பு எட்டு வீடு தள்ளி நடந்திருக்கும்.

சர்வேயரை வரவழைப்பது எப்படி? அன்றைக்கு என்ன நடக்கும்?

எல்லை அளந்து காட்டக் கேட்டு மனுச் செய்து கட்டணம் கட்ட வேண்டும். இணையத்திலும் இ-சேவை மையத்திலும் செய்யலாம். பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு போகும். வாங்க மறுப்பவர்கள் இருப்பார்கள், அதனால் வேலை நின்றுவிடாது. ஆனால் உங்கள் தரப்பில் அவர்களை நேரில் போய் அழைத்துவிடுங்கள். அளக்கும்போது அவர்களும் கூட நின்றால்தான் முடிவு நிலைக்கும்.

எங்கள் ஊர் வீட்டிலேயே இது நடந்தது. மேற்குப் பக்கத்துக்காரர் கிளுவை வேலியை எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று அப்பா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் சர்வேயர் வந்தார். தெருமுனைக் கல் கிடைத்தது. பின்பக்கக் கல் கிடைக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்து டேப்பை இழுத்து, 'இங்கே தோண்டுங்க' என்றார். அது எங்கள் எருக்குழி. முழங்கால் ஆழம் அள்ளிப்போட்டதும் கடப்பாரை 'ணங்'கென்றது. கல் சாய்ந்து கிடந்தது, தலையில் வெட்டிய குறி மட்டும் அப்படியே இருந்தது. நூல் கட்டிப் பார்த்தால் வேலி சரியாகத்தான் இருந்தது. பின்பக்கம் நாங்கள் போட்ட மாட்டுக்கொட்டகைதான் அவர் பக்கம் ஒரு லிங்க் போயிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் அப்பாவுக்கு முதலில்.

அன்றிலிருந்து வழக்கோடு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, 'அளந்தாச்சா?'

சர்வேயர் அளந்ததே தப்பு என்றால்?

மேல்நிலை அளவர் மூலம் மறு அளவை கேட்டு வட்டாட்சியருக்கு மனுச் செய்யலாம். தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923-இன் கீழ் முறைப்படி அளவை முடிந்து அறிவிக்கப்பட்ட எல்லையை எதிர்ப்பதானால் சிவில் நீதிமன்றத்துக்கு 3 ஆண்டுக்குள் போக வேண்டும். விட்டால் அந்த எல்லையே முடிவானதாகிவிடும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது எழுதிய யு.டி.ஆர். கணக்கில் பெயரோ பரப்போ தவறாக ஏறியிருந்தால் அதற்குத் தனி வழி, மாவட்ட வருவாய் அலுவலரிடம் போக வேண்டியிருக்கும்.

எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

அரசு நட்ட கல்லைப் பிடுங்குவது குற்றம். கல் போனாலும் எல்லை போகாது, வரைபடத்தை வைத்து மறுபடி நடலாம். போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்களே புதுக்கல் நடாதீர்கள்.

வேலிச் செலவில் பாதியை அவர் தர வேண்டாமா?

கட்டாயப்படுத்த முடியாது. அவர் மனம் வைத்தால் உண்டு. தராதவரிடம் சண்டை போடுவதைவிட உங்கள் இடத்துக்குள்ளேயே முழுச் சுவரையும் கட்டிக்கொள்வது நிம்மதி. ஒன்பது அங்குலச் சுவர் 60 அடிக்கு 45 சதுர அடி தின்னும். வலிக்கத்தான் செய்யும். அஸ்திவாரத்தின் அகலம் சுவரைவிட அதிகம், அதுவும் கோட்டைத் தாண்டக் கூடாது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாதிப் பாதி போட்டு நடுக்கோட்டில் கட்டினால் அது பொதுச்சுவர். அப்போது அதன்மேல் அவர் மட்டும் மாடி ஏற்றவோ, உங்கள் சம்மதமில்லாமல் இடிக்கவோ முடியாது.

அவர் வீட்டு மரம் எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. வெட்டலாமா?

உங்கள் எல்லைக்குள் வந்த கிளையை, உங்கள் பக்கம் நின்று, கோடு வரைக்கும் வெட்டலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் பக்கம் ஏறி வெட்டக் கூடாது, மரத்தையே சாய்க்கவும் கூடாது. எத்தனை வருஷம் கிளை தொங்கினாலும் தொங்கவிடும் உரிமை என்று ஒன்று அவருக்கு உண்டாகாது. தலையில் விழும் நிலையில் தென்னை சாய்ந்திருந்தால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆக இருந்த பிரிவு, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152.

ஜன்னலை அடைத்து மதில் எழுப்புகிறார். தாழ்வாரத் தண்ணீரையும் எங்கள் பக்கம் விடுகிறார்.

இவை அனுபோக உரிமைகள், 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருபவை. இங்கே கணக்கு 12 அல்ல, 20 ஆண்டு. 20 ஆண்டாக அமைதியாக, தடையில்லாமல் வந்த வெளிச்சமும் காற்றும் கணிசமாகக் குறைந்தால் தடுக்கலாம். லேசாகக் குறைந்தால் முடியாது. நடைபாதைக்கும் தண்ணீர் வடிவதற்கும் அதே 20. இதனால் கிடைப்பது பயன்படுத்தும் உரிமைதான், நிலம் உங்களுடையதாகிவிடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'வண்டிப்பாதை என் சொந்தம்' என்று வருகிறவர்கள் அதிகம்.

இப்போதுதான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறார்கள். உடனே என்ன செய்வது?

ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் எழுத்தில் ஆட்சேபியுங்கள், போட்டோ எடுங்கள், சிவில் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டால் அவர் சர்வேயரோடு வந்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். எல்லை வழக்கில் அந்த அறிக்கைக்கு நல்ல எடை உண்டு. சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, பால் காய்ச்சும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தால், சின்ன ஆக்கிரமிப்பாக இருந்தால் இடிக்கச் சொல்லாமல் நஷ்டஈடு வாங்கிக்கொள்ளச் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது.

போலீஸ் எல்லையைத் தீர்மானிக்க முடியாது. அடிதடி வருமென்றால் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஏற்கெனவே உங்களை இடத்திலிருந்து வெளியேற்றிவிட்டார் என்றால் 6 மாதத்துக்குள் குறிப்பிட்ட தீர்வுகள் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். அதில் உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை, அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும்.

தடை வழக்கு மட்டும் போட்டால் போதுமா?

எதிராளி உங்கள் உரிமையையே மறுத்தால் போதாது. உரிமை விளம்புகையும், அதாவது 'இடம் இவருடையது' என்று நீதிமன்றம் அறிவிப்பதையும், சேர்த்துக் கேட்க வேண்டும். இடம் அவர் கையில் இருந்தால் சுவாதீனமும் (இடத்தைத் திரும்ப ஒப்படைப்பது) கேட்க வேண்டும். செலவு குறைகிறது என்று தடை மட்டும் கேட்டுப் பத்து வருஷம் ஓட்டி, கடைசியில் 'வழக்கே சரியான வடிவில் இல்லை' என்று தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

எதிரிடை அனுபவத்தை வைத்து வாதியாகவே வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கு 2019-இல் பதில் வந்தது. ரவீந்தர் கௌர் கிரேவால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 'போடலாம்' என்றது. அதற்கு முன் அது பிரதிவாதியின் கேடயம் மட்டும்தான் என்ற கருத்து இருந்தது. நேர்மையான சொந்தக்காரருக்கு இந்தச் சட்டம் அநியாயம் என்று உச்ச நீதிமன்றமே 2008-இல் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் சட்டம் மாறவில்லை.

புறம்போக்கில் 40 வருஷமாக வேலி போட்டிருக்கிறோம். எங்களுக்குத்தானே?

அரசு வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் என்பது உண்மை. ஆனால் ஏரி, குளம், வாய்க்கால், பாதை என்றால் நீதிமன்றங்கள் காது கொடுப்பதில்லை. அரசு வழக்குப் போட வேண்டிய அவசியமும் இல்லை, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் விட்டே அகற்றலாம். மறுபக்கம், குடிமகனின் நிலத்தை எடுத்துக்கொண்டு 'எங்களுக்கு எதிரிடை அனுபவம்' என்று அரசு சொல்ல முடியாது என்று 2020-இல் வித்யா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

யாழ்ப்பாணத்துக் காணிக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. இலங்கையில் 1871-ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம், காலம் 10 ஆண்டு. கதியால் (வேலிக்கு நடும் கம்பு) தள்ளி நட்ட சண்டை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பேசித் தீர்த்துக்கொண்டோம். எழுத்தில் என்ன செய்ய வேண்டும்?

கோடு எங்கே என்று இருவரும் ஒத்துக்கொள்வது மட்டுமானால், சர்வேயரின் அளவோடு ஒரு வரைபடம் போட்டு, இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எழுதுங்கள். அரை அடியை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால் வெறும் தாளில் எழுதக் கூடாது. கிரயமாகவோ பரிவர்த்தனையாகவோ பதிவு செய்ய வேண்டும், பிறகு உட்பிரிவு செய்து பட்டாவும் மாற்ற வேண்டும். வழக்கு நடக்கும்போதோ, போடுவதற்கு முன்போ, வட்ட சட்டப் பணிகள் குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கே எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது.

கையெழுத்துப் போடும்போது வீட்டுப் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் காட்டிவிடுங்கள். அதன்மேல் எருக்குழி போடாமல் பார்த்துக்கொள்வார்கள்.